இரண்டு பலகைகளுக்கு நடுவே
(பழைய நெடுஞ்சாலைப் பாலங்களின் மேல்தளத்தைப் புதுப்பிக்கும் முறை குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவு)



பாலம் என்று சொன்ன மாத்திரத்தில் நம் மனக்கண்ணில் எழுவன, ஆற்றின் நடுவே கால் ஊன்றி நிற்கும் தூண்களும், தூணுக்குத் தூண் நீண்டு கிடக்கும் கர்டர்களும், தொங்குபாலமாயின் விண்ணை நோக்கி நிமிர்ந்த கோபுரங்களும் அவற்றிலிருந்து இறங்கும் வடங்களுமே ஆகும். ஆனால் அந்தப் பாலத்தின் மேல் இரவும் பகலும் ஓடுகிற வண்டிகளின் சக்கரங்கள் இவற்றுள் எதையும் தொடுவதில்லை. அவை தொடுவது, கர்டர்களின் மேல் விரித்த, ஒரு சாண் அளவே கனமுள்ள கான்கிரீட் தளத்தை. வெயிலும் மழையும் பனியும் முதலில் விழுவது அதன்மேல். பாரம் ஏற்றிய லாரியின் அச்சு முதலில் அழுத்துவது அதனை. பாலத்தின் மற்ற உறுப்புகளெல்லாம் தமக்குரிய பங்கை அதன் வழியாகவே பெறுகின்றன. ஆகவே அது முதலில் தேய்வதும் முதலில் உடைவதும் இயற்கையே. கூரை வீட்டில் காலும் விட்டமும் தலைமுறை கண்டு நிற்க, கீற்றை மட்டும் அவ்வப்போது மாற்றிக் கொள்கிற குடியானவன் வீடு கெட்டுவிட்டது என்று புலம்புவதில்லை. பாலத்தின் மேல்தளமும் அத்தகைய கீற்றுத்தான் என்பதை நெடுஞ்சாலைகளை அமைத்த தேசங்கள் மிகத் தாமதமாகவும், மிகுந்த பொருட்செலவிலும் கற்றுக்கொண்டன. அந்தக் கல்வியின் வரலாற்றையும், அதில் இன்னும் முடிவுறாமல் நிற்கும் ஒரு பகுதியையும் உங்கள் முன் எடுத்துரைப்பதே இன்றைய சொற்பொழிவின் நோக்கம்.

1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். நாற்பத்தோராயிரம் மைல் நீளமுள்ள மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளை அந்நாடு முழுதும் விரிப்பதற்கு அந்தச் சட்டம் வழி செய்தது. அடுத்து வந்த இருபது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பாலங்கள் நிர்மாணிக்கப்பட்டன. அவற்றில் பல, எஃகுக் கர்டர்களின்மேல் கான்கிரீட் தளம் வார்த்த பாலங்கள். அவற்றைக் கட்டிய பொறியாளர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். எனினும், அப்பாலங்கள் எழுந்த அதே காலத்தில் பரவிய ஒரு வழக்கத்தின் முழுப் பலனையும் அவர்கள் முன்கூட்டியே உணரவில்லை. பனிக்காலத்தில் சாலை மேல் உறையும் பனியை உருக்குவதற்காக உப்பைக் கொட்டும் வழக்கமே அது. வண்டிகள் வழுக்காமல் செல்ல வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு டன் டன்னாகத் தூவிய அந்த உப்பு, பனியோடு கரைந்து, கான்கிரீட்டின் நுண்ணிய துளைகள் வழியாகவும் வெடிப்புகள் வழியாகவும் இறங்கி, உள்ளே கிடந்த கம்பியைச் சென்றடைந்தது. நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின்மேல் இயல்பாக ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு அப்படலத்தைக் குலைத்துவிடுகிறது. அதன் பின் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக் கொள்ளும். சிறைப்பட்ட இடத்தில் பெருக்கும் அந்தத் துரு, தன்னைச் சூழ்ந்த கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது.

இந்த நோய் வெளியே தெரிவதற்கு முன் உள்ளே வெகுதூரம் பரவிவிடுகிறது என்பதே இதன் கொடுமை. மேலே பார்த்தால் தளம் வழவழப்பாகவே இருக்கும். கம்பிகளின் மட்டத்தில் மட்டும், மேலடுக்கு கீழடுக்கை விட்டுத் தனியே பிரிந்து நிற்கும். இதைக் கண்டறிய அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையினர் கையாளும் முறை மிக எளியது. கைப்பிடியில் நாலைந்து இரும்புச் சங்கிலிகளைக் கோத்து, தளத்தின்மேல் இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். கான்கிரீட் கெட்டியாக இருக்கும் இடத்தில் சங்கிலி கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்திருக்கும் இடத்தில் ஓசை மழுங்கி, பொள்ளலாகக் கேட்கும். அந்த ஓசையைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுடையவர், கெட்ட பகுதியைச் சுற்றித் தளத்தின்மேலேயே வர்ணத்தால் கோடு போட்டுவிடுகிறார். ரேடார் முதலிய நுட்பமான கருவிகள் வந்த பின்னும் இம்முறை வழக்கொழியவில்லை. அந்தக் கோடுகள் சில ஆண்டுகளில் ஒன்றோடொன்று கலந்து தளம் முழுவதையும் வளைத்துக்கொண்ட பாலங்கள் பல. 1973ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்தில் முதன்முறையாக எபாக்ஸி பூசிய கம்பியை ஒரு பாலத்தில் இட்டார்கள். அதன் பிறகு கட்டிய பாலங்களுக்கு ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது. அதற்கு முன் கட்டியவற்றுக்கோ மாற்றுத் தளம் ஒன்றே பரிகாரம் என்றாயிற்று.

ஜப்பான் தேசத்தின் அனுபவம் இதனோடு ஒப்பிட்டு ஆராயத்தக்கது. அந்நாட்டின் முதல் அதிவேகச் சாலையான மெய்ஷின் சாலையின் முதற்பகுதி 1963இல் திறக்கப்பட்டது; டோக்கியோவையும் நகோயாவையும் இணைக்கும் தோமெய் சாலை 1969இல் முழுமை பெற்றது. அக்காலத்து ஜப்பானியப் பாலத் தளங்கள் மெல்லியவை. அவற்றில் குறுக்கே ஓடும் பிரதானக் கம்பிகளுக்குப் போதிய கவனம் செலுத்திய விதிகள், சாலையின் நீளத்தில் ஓடும் பகிர்வுக் கம்பிகளைப் பிரதானக் கம்பியில் கால் பங்களவே கேட்டன. தளங்கள் எதிர்பாராத வேகத்தில் வெடிப்பதைக் கண்டபின், 1960களின் பிற்பாதியில் அந்த அளவு வெகுவாக உயர்த்தப்பட்டது. ஆனால் எஞ்சி நின்ற புதிர் ஒன்று ஆராய்ச்சியாளர்களை வாட்டியது. ஆய்வுக்கூடத்தில் ஒரே இடத்தில் லட்சக்கணக்கான முறை பாரத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தால் தளம் உடையாமல் தாங்குகிறது. சாலையிலோ அதைவிடக் குறைந்த பாரத்தில் உடைகிறது. ஏன்?

ஒசாகா பல்கலைக்கழகத்தின் மட்சுயி ஷிகேயுகி, உண்மையான சக்கரத்தைத் தளத்தின்மேல் முன்னும் பின்னுமாக ஓடவிடும் யந்திரம் ஒன்றைக் கொண்டு இதற்கு விடை கண்டார். பாரம் ஒரே இடத்தில் நிற்கும்போது தளம் நான்கு பக்கமும் துணைகொண்டு தாங்கும். பாரம் நகரும்போது ஒவ்வொரு கணமும் தகைவின் திசை மாறி, குறுக்கும் நெடுக்கும் வெடிப்புகள் வலைபோல் படர்ந்து, ஒரே பலகையாக இருந்த தளம் பல குறுகிய கீற்றுகளாகப் பிரிந்துவிடுகிறது. வெடிப்பின் இரு முகங்களும் சக்கரம் செல்லுந்தோறும் ஒன்றையொன்று உரசித் தேய்கின்றன. அந்த வெடிப்பில் தண்ணீர் புகுந்து நின்றால், தேய்வு பல பத்து மடங்காகப் பெருகுகிறது. மேற்பகுதிக் கான்கிரீட் தன் சிமெண்டை இழந்து வெறும் சரளையாகிப் போகிறது. முடிவில் ஒருநாள் ஒரு துண்டு கழன்று கீழே விழுகிறது. இந்த ஆராய்ச்சிகளிலிருந்து பெறப்பட்ட ஒரு கணக்கு, கேட்பவரைத் திடுக்கிடச் செய்வது. தளத்துக்கு ஏற்படும் சேதம் அச்சுப் பாரத்தின் ஏறக்குறைய பன்னிரண்டாம் அடுக்குக்கு ஏற்பப் பெருகுகிறது என்பதே அது. அதாவது பத்து டன் அச்சுக்குப் பதிலாகப் பன்னிரண்டு டன் அச்சு ஒருமுறை சென்றால், பத்து டன் அச்சு ஏறக்குறைய ஒன்பது முறை சென்ற சேதத்தை அது ஒரே ஓட்டத்தில் செய்துவிடுகிறது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றும் லாரிக்காரர், சாலைக்குச் செய்யும் துரோகத்தின் முழு அளவையும் இந்த ஒரு கணக்கு வெளிப்படுத்துகிறது. 1993இல் அந்நாடு லாரிகளின் சட்டபூர்வமான எடையை இருபதிலிருந்து இருபத்தைந்து டன் வரை உயர்த்தியதையும், சக்கரங்களில் ஆணி பதித்த டயர்களை 1990இல் சட்டம் தடுத்த பின்னர்ப் பனிச்சாலைகளில் உப்பின் உபயோகம் பெருகியதையும் இதனோடு சேர்த்து எண்ணினால், பழைய தளங்களுக்கு நேர்ந்த கதி ஆச்சரியம் அளிக்காது.

2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் ஜப்பானின் சசாகோ சுரங்கப்பாதையின் கூரைப் பலகைகள் இடிந்து ஒன்பது பேர் உயிரிழந்தனர். அது பாலம் அன்று. ஆயினும் பழையவற்றைப் பார்க்காமல் விடுவதன் விளைவை அந்நாட்டு ஜனங்கள் அன்று பிரத்தியட்சமாகக் கண்டார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பாலங்களையும் சுரங்கங்களையும் நெருங்கிச் சென்று பரிசோதிக்க வேண்டும் என்ற விதி 2014இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு முதல், அதிவேகச் சாலைக் கம்பெனிகள் பழைய தளங்களை எடுத்துவிட்டு, ஆலையில் வார்த்து, உள்ளே எஃகு வடங்களை இழுத்து இறுக்கிய முன்வார்ப்புப் பலகைகளை அவ்விடத்தில் பதிக்கும் பெரும்பணியில் இறங்கின.

இனி, மாற்றும் முறைக்கு வருவோம். பழைய வழியில் தளத்தை மாற்றுவதென்றால், பாலத்தின் ஒரு பாதியை அடைத்து, தளத்தை உடைத்து, கர்டர்களுக்கு இடையே சென்டிரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் கொட்டி, நாட்கணக்கில் ஈரம் காத்து, அது வலுப்பெற்ற பின் மறுபாதிக்குப் போக வேண்டும். வண்டிகள் குறைந்த சாலையில் இது கஷ்டமில்லை. ஒரு பெருநகரத்தின் நுழைவாயிலில் உள்ள பாலத்தை மாதக்கணக்கில் பாதி அடைப்பதோ, ஊரின் வாழ்வையே பாதி அடைப்பதாகும்.

அமெரிக்கத் தலைநகரை அடுத்த உட்ரோ வில்சன் பாலத்தின் கதையை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இதுவே. பொட்டோமாக் ஆற்றின் குறுக்கே வர்ஜீனியாவையும் மேரிலாந்தையும் இணைத்த அந்த ஆறு வழிப் பாலம் 1961ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு எழுபத்தையாயிரம் வண்டிகள் என்ற மதிப்பீட்டில் அமைத்த அப்பாலத்தின் போக்குவரத்து அந்த அளவை வெகு சீக்கிரத்தில் தாண்டிற்று. இருபது ஆண்டுக்குள் மேல்தளமோ தாங்கும் நிலையில் இல்லை. பாலத்தை மூட முடியாது. பகலில் ஒரு வழியைக் கூடக் குறைக்க முடியாது. ஆகவே 1982-83இல், இரவில் மட்டும் வேலை செய்து, விடியும்போது ஆறு வழிகளையும் திறந்துவிடுவது என்று துணிந்தார்கள். அன்று இரவு எவ்வளவு வெட்டுகிறோமோ அவ்வளவையும் அன்று இரவே மூடியாக வேண்டும் என்ற நிபந்தனை, அந்தப் பணியின் ஒவ்வோர் அங்கத்தையும் நிர்ணயித்தது.

பலகைகளை வேறிடத்தில் முன்னதாகவே வார்த்து வைத்தார்கள். சாதாரண ஜல்லிக்குப் பதிலாக, நெருப்பில் சுட்டுப் பொரியச் செய்த இலேசான ஜல்லியை உபயோகித்தார்கள். அதனால் எடை குறைந்தது. பழைய பாலம் ஒன்றைப் பழுது பார்ப்பவனுக்கு எடைக்குறைவு எத்தகைய பாக்கியம் என்பதைப் பொறியாளர்கள் அறிவார்கள். தளம் இழந்த ஒவ்வொரு டன்னும் கர்டருக்கும் தூணுக்கும் அஸ்திவாரத்துக்கும் கிடைக்கும் ஓய்வு. அந்த ஓய்வைக் கொண்டே, தூண்களைத் தொடாமல், பாலத்தின் சாலையைச் சற்று அகலமாக்கவும் அங்கே முடிந்தது. பலகை எஃகு உத்தரத்தின்மேல் அமரும் இடங்களிலும் முடிவில் இணைக்கும் இடங்களிலும், சிமெண்டுக்குப் பதிலாக மெதில் மெதாக்ரிலேட் என்ற பிசினைச் சேர்த்த கலவையை இட்டார்கள். அது சுமார் ஒரு மணி நேரத்தில் வண்டியைத் தாங்கும் வலிமை பெற்றது. பின்னர் பல பலகைகளின் ஊடே எஃகு வடங்களைச் செலுத்தி, இழுத்து, அவை யாவும் ஒரே தளமாக நெருங்கி நிற்கும்படி இறுக்கினார்கள். இவ்வாறு பதித்த தளம், 2006இல் பக்கத்தில் புதிய பாலம் எழுந்து பழையது இடிக்கப்படும் வரையில், இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது.

ஓர் இரவின் வேலை எவ்விதம் நடக்கிறது என்பதை இங்கே சற்று நின்று நோக்குவது பயனுடையது. இத்தகைய பணிகளின் பொதுவான போக்கு எங்கும் ஒன்றே. வைரப்பல் பதித்த ரம்பத்தால் பழைய தளத்தைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் கிரேன் கொண்டு தூக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். கர்டரின் தலைமேல் ஒட்டி நிற்கும் மிச்சக் கான்கிரீட்டைப் பெரிய உடைப்பு யந்திரத்தால் தாக்கினால் எஃகு காயப்படும். ஆகையால் கையால் பிடிக்கும் சிறு சம்மட்டி யந்திரங்களால் பொறுமையாகக் கொத்தி எடுக்க வேண்டும். இரவின் பெரும் பகுதியை இந்தக் கொத்து வேலையே தின்றுவிடும். பிறகு புதிய பலகை இறங்குகிறது. அதில் நான்கு மூலைகளிலும் மட்டம் சரிசெய்யும் திருகாணிகள் உண்டு. ஸ்பானரால் அவற்றைத் திருகித் திருகி, பலகையை உரிய உயரத்தில் நிறுத்துகிறார்கள். இந்த உயரத்தைக் கணக்கிடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளாகப் பழைய தளத்தைச் சுமந்து தாழ்ந்திருந்த கர்டர், அந்தப் பாரம் நீங்கியவுடன் மெல்ல மேலெழுகிறது. புதிய பலகை ஏறியதும் மீண்டும் தாழ்கிறது. எவ்வளவு எழும், எவ்வளவு தாழும் என்பதை முன்னமே கணித்து வைக்காதவன், விடியற்காலையில் ஒரு பலகையின் விளிம்பு மற்றதைவிட உயர்ந்து நிற்பதைக் காண்பான்.

ஆலையில் வார்த்த பலகைக்கு ஒரு பெரும் சிறப்பு உண்டு; வேகத்தைப் பற்றியே பேசுகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். கான்கிரீட் காய்கையில் சுருங்கும். பாலத்தின்மேல் ஈரமாகக் கொட்டிய கான்கிரீட்டைக் கர்டரின் தலையில் பற்றவைத்த ஸ்டட் ஆணிகள் விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்வதால், அது சுருங்க முடியாமல் குறுக்கே வெடிக்கிறது. புதிய பாலங்களிலும், வண்டி ஒன்றேனும் ஓடுவதற்கு முன்பே, சில அடிக்கு ஒன்றாகக் குறுக்கு வெடிப்புகள் காணப்படுவது இதனால்தான். உப்புநீர் புகுவதற்கான வாசல்கள் அவை. பலகையோ தன் சுருக்கத்தில் பெரும்பகுதியை ஆலையின் முற்றத்திலேயே, யாருடைய தடையுமின்றி, கழித்துவிட்டு வருகிறது. நிழலில் வார்த்து, நீராவியில் பதப்படுத்தி, ஒவ்வொரு கம்பியின் மேலும் இருக்க வேண்டிய கான்கிரீட்டின் கனத்தை அளந்து பார்த்து, சரியில்லாததை ஒதுக்கித் தள்ளவும் அங்கே அவகாசம் இருக்கிறது.

அப்படியாயின் பலகைகள் ஏன் தோற்கின்றன? தோற்றிருக்கின்றன என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அத்தோல்விகளை ஆராய்ந்தவர்கள் கண்டது, பெரும்பாலும் பலகை நன்றாகவே இருக்கிறது, பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள இணைப்பே கெட்டிருக்கிறது என்பதாகும். என்னுடைய சொற்பொழிவின் மையம் இதுதான். எத்தனை நீளமான பாலமாயினும், அதன் தளத்தில் ஆலையில் வார்க்காத பகுதி ஒரு சிறு பின்னமே. அந்தச் சிறு பின்னம், நள்ளிரவில், விளக்கொளியில், விடிவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் வார்க்கப்படுகிறது. தளத்தின் ஆயுளை நிர்ணயிப்பது அந்தப் பின்னம்.

ஆரம்ப காலத்தில் ஒரு பலகையின் விளிம்பில் நாக்கும் மறுபலகையின் விளிம்பில் பள்ளமுமாக அமைத்து, ஒன்றை மற்றொன்றில் செருகிப் பார்த்தார்கள். வரைபடத்தில் அது அழகாகப் பொருந்திற்று; களத்தில், வார்ப்பின் சிறுசிறு பிசகுகளால் விளிம்பு விளிம்போடு முட்டி, சக்கரத்தின் அடியில் நொறுங்கிற்று. பிறகு இரு விளிம்புகளிலும் பள்ளமே அமைத்து, நடுவில் உண்டாகும் குழியில் கலவை ஊற்றி நிரப்பும் முறை நிலைபெற்றது. வடங்களால் இறுக்கிய தளங்களில் இது நன்கு பயன் தந்தது. ஏனெனில், இணைப்பு எப்போதும் அழுத்தத்திலேயே இருந்தால் அதில் வெடிப்பு திறக்காது. ஆனால் அந்த இறுக்கத்தைக் கொடுக்கும் வரிசைக் கிரமத்தை மாற்றிவிட்டால் பயன் முழுவதும் பாழாகும். முதலில் குறுக்கு இணைப்புகளை நிரப்பி, அவை வலுப்பெற்ற பின் வடங்களை இழுத்து, அதற்கும் பின்னரே ஸ்டட் ஆணிகள் நிற்கும் குழிகளை நிரப்ப வேண்டும். குழிகளை முன்னதாக நிரப்பிவிட்டால் பலகை கர்டரோடு ஒன்றிப்போகிறது. வடத்தை இழுக்கும் சக்தியில் ஒரு பகுதியைக் கர்டர் வாங்கிக்கொள்ள, இணைப்புக்குப் போய்ச் சேர வேண்டிய அழுத்தம் சேராமல் போகிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு பாலங்களும் ஒன்றாகவே தோன்றும். வித்தியாசம் சில ஆண்டுகளுக்குப் பின் அடியில் ஒழுகும் நீரில் தெரியும்.

வடங்களை இழுப்பது செலவும் தேர்ச்சியும் வேண்டும் காரியம் ஆகையால், கம்பியைக் கம்பியோடு பிணைத்தே இணைக்கும் வழிகளைத் தேடினார்கள். ஜப்பானியர், பலகையின் விளிம்பிலிருந்து வளையமாக வளைத்த கம்பிகளை வெளியே நீட்டி, எதிர்ப்பலகையின் வளையங்களோடு மேற்பொருந்தச் செய்து, அவ்வளையங்களின் ஊடே குறுக்குக் கம்பிகளை நுழைத்து, ஒரு முழத்துக்கும் குறைந்த அந்த இடைவெளியில் கான்கிரீட் நிரப்புகிறார்கள். நம்பகமான முறை, ஆனால் நெருங்கி நிற்கும் வளையங்களுக்குள் நீண்ட கம்பியைப் பக்கத்திலிருந்து நுழைப்பது பணியாளருக்கு மிகுந்த சிரமம். அச்சிரமத்தைக் குறைப்பதற்கென்றே பலவித மாற்று அமைப்புகள் அங்கே தோன்றியுள்ளன.

வட அமெரிக்காவில் வேறொரு வழி திறந்தது. 1990களில் பிரான்சில் உருப்பெற்ற ஒரு கான்கிரீட், ஜல்லியே இல்லாமல், மிக நுண்ணிய மணலும் சிமெண்டும் சிலிக்காத் தூளும், மிகக் குறைந்த நீரும், முடியளவு மெல்லிய எஃகு இழைகளும் சேர்ந்தது. பாலத் தளத்துக்குரிய சாதாரணக் கான்கிரீட்டின் வலிமை முப்பது, நாற்பது மெகாபாஸ்கல் என்றால், இதன் வலிமை நூற்றிருபதுக்கு மேல். கன அளவில் நூற்றுக்கு இரண்டு பங்கு இழைகள் கலந்திருப்பதால், நுண்ணிய வெடிப்புத் தோன்றினாலும் அது விரிந்து போகாமல் தைத்தாற்போல் நிற்கும். கம்பியை அது பற்றும் பிடி அசாதாரணமானது. சாதாரணக் கான்கிரீட்டில் ஒரு முழத்துக்கு மேல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்க வேண்டிய இரு கம்பிகளுக்கு, இதில் ஒரு சாணுக்கும் குறைந்த நீளமே போதும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2006இலும், நியூயார்க் மாநிலத்தில் 2009இலும் முன்வார்ப்புப் பலகைகளின் இணைப்புகளில் இதனை வார்த்தார்கள். வளையமும் வேண்டாம், வடமும் வேண்டாம். நேரான கம்பிகள் இரு புறமிருந்தும் நீட்டி நிற்க, குறுகிய இடைவெளியில் இக்கலவையை ஊற்றினால் தானே பாய்ந்து நிரம்புகிறது.

இவ்வளவு சக்தி வாய்ந்த பொருளும் ஒரு சிறு அலட்சியத்துக்குத் தலைவணங்கும் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அது பழைய கான்கிரீட்டின் வழவழப்பான முகத்தில் ஒட்டாது. ஆகவே பலகையை வார்க்கும்போதே, அச்சின் பக்கச் சுவரில் இறுகுதலைத் தாமதிக்கும் மருந்தைப் பூசி, அச்சைக் கழற்றியவுடன் அழுத்தமான நீரால் அந்த முகத்தைக் கழுவி, ஜல்லிக் கற்கள் வெளியே தெரியும்படி செய்கிறார்கள். களத்தில், கலவை ஊற்றுவதற்கு முன் அந்த முகத்தை நன்றாக நனைத்து, தேங்கிய நீரை மட்டும் வெளியேற்ற வேண்டும். உலர்ந்த பலகை புதிய கலவையின் சொற்ப நீரையும் உறிஞ்சிக்கொண்டால், மயிரிழை அளவு பிரிவு அங்கே நின்றுவிடும். நீர் அதன் வழியே இறங்கும். நூற்றிருபது மெகாபாஸ்கல் வலிமையின் கதி, ஒரு பணியாளர் தண்ணீர்க் குழாயை எடுத்தாரா இல்லையா என்பதில் அடங்கியிருக்கிறது. அந்தப் பணியாளருக்குக் காரணத்தை விளக்கிச் சொல்லி, போதிய நேரமும் கொடுத்த நிர்வாகமே நல்ல பாலத்தை அடைகிறது.

வேகத்தில் மனிதர் எவ்வளவு தூரம் போய்விட்டார்கள் என்பதற்கு மாசசூசெட்ஸ் மாநிலத்து மெட்ஃபோர்ட் நகரம் சாட்சி. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டில் அங்கே 93ஆம் எண் நெடுஞ்சாலைப் பாலமொன்றின் தளத்தில் துளை விழுந்தது. அடுத்த கோடையில், வெள்ளிக்கிழமை இரவு தொடங்கித் திங்கட்கிழமை விடியலில் முடியும் பத்து வார இறுதிகளில், பதினான்கு பாலங்களின் மேற்பகுதியை, தளமும் கர்டரும் சேர்த்து வார்த்த தொகுதிகளைக் கொண்டு, அவர்கள் மாற்றி முடித்தார்கள். ஹட்சன் ஆற்றின்மேல் 1955இல் திறந்த டாப்பன் ஸீ பாலத்தின் பழைய தளத்துக்கும் இரவு வேலையாக முன்வார்ப்புப் பலகைகளே வந்தன. அதன் இடத்தில் 2017, 2018ஆம் ஆண்டுகளில் திறந்த புதிய இரட்டைப் பாலத்தின் தளமோ தொடக்கத்திலிருந்தே சுமார் ஆறாயிரம் முன்வார்ப்புப் பலகைகளால் ஆனது. பழுது பார்க்கும் உபாயமாக வந்த முறை, புதிய நிர்மாணத்தின் முதல் தேர்வாக உயர்ந்துவிட்டது.

இம்முறைக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களும் உண்டு. பலகை ஒன்றின் விலை அதிகம். ஆலையிலிருந்து பாலத்துக்கு அதைக் கொண்டு செல்ல நீண்ட லாரியும் பெரிய கிரேனும் வேண்டும். ஆற்றைச் சாய்வாகக் கடக்கும் பாலத்திலும் வளைந்து செல்லும் பாலத்திலும் ஒவ்வொரு பலகையும் தனி வடிவம் எடுக்கிறது. பழைய கர்டர்கள் பழைய வரைபடத்தில் காட்டிய இடத்தில் இருப்பதில்லை, ஆகையால் ஒவ்வொன்றையும் நேரில் அளந்தாக வேண்டும். இவை அனைத்தும் உண்மை. வண்டிகள் சொற்பமாகச் செல்லும் ஒரு கிராமத்துச் சாலைப் பாலத்துக்குப் பழைய வழியே போதுமானது என்பதே என் அபிப்பிராயம். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான வண்டிகள் செல்லும் பாலத்திலோ, ஜனங்கள் நெரிசலில் இழக்கும் நேரத்தையும் எரிபொருளையும் கணக்கில் சேர்க்காமல் பலகையின் விலையை மட்டும் பார்ப்பது நேர்மையான கணக்கு ஆகாது.

மாணவர்களே, நீங்கள் நாளை வரையப் போகும் பாலங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். இன்று பழைய தளங்களை அகற்றுகிறவர்கள் படும் பாட்டில் பாதி, அவற்றைக் கட்டியவர்கள் ஒருநாள் இது எடுக்கப்படும் என்று எண்ணாததால் வந்தது. ஸ்டட் ஆணிகளை நெருக்கமாக நட்டு, கான்கிரீட்டில் முழுதும் புதைத்துவிட்டுப் போனார்கள். இன்று அவற்றைக் கொத்திக் கொத்தி விடுவிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் வரையும் ஒவ்வொரு பாலத்தின் வரைபடக் கட்டிலும், மேல்தளத்தை எந்த வரிசையில் அறுப்பது, எங்கே தூக்குவது, அப்போது கர்டர் எவ்வளவு மேலெழும், போக்குவரத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பவற்றைக் காட்டும் ஒரு தாளைச் சேர்த்து வையுங்கள். உங்களுக்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் ஒருவர் அதைப் பிரித்துப் பார்ப்பார்.

அதிகாரப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. தளத்தை மாற்றும் ஒப்பந்தங்களில் பலகையைப் பரிசோதிக்க எத்தனையோ நிபந்தனைகள் எழுதப்படுகின்றன. இணைப்பை வார்க்கும் இரவில், அருகே நின்று, முகம் நனைந்திருக்கிறதா, கலவை நிரம்பியதா, உரிய வலிமை வந்ததா என்று பார்ப்பவருக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரி கூட அதிகாரம் கிடைப்பது அரிதாயிருக்கிறது. விடியலில் வண்டிகள் காத்து நின்றாலும், இணைப்பு இன்னும் தயாராகவில்லை என்று அவர் சொன்னால் பாலம் திறக்கப்படக் கூடாது. அந்த அதிகாரத்தை எழுத்தில் அவருக்கு வழங்குங்கள்.